டிபிஎம்எஸ் மினி ப்ராஜெக்ட்: நூலக மேலாண்மையை உருப்படியாகச் செய்வது எப்படி

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களுக்கு டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் மேலாண்மை) லேப் முடியும்போது ஒரு மினி ப்ராஜெக்ட் காத்திருக்கும். நிறைய டீம்கள் எடுப்பது நூலக மேலாண்மை. தலைப்பு பழசு என்று தயங்க வேண்டாம். நூலகத்தைப் போல விதிகள் நிறைந்த, அதே சமயம் எல்லோருக்கும் பழக்கமான இடம் வேறு கிடைப்பது கடினம். கோளாறு தலைப்பில் இல்லை, லாகின் பக்கத்தில் வேலையைத் தொடங்குவதில்தான் இருக்கிறது. மூன்று வாரம் பட்டனுக்கு நிறம் தேடிவிட்டு, கடைசி வாரத்தில் நான்கு டேபிள் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எக்ஸ்டர்னல், அதாவது வெளித் தேர்வாளர், கேட்பது ஒரே கேள்வி: "ஒரே புத்தகத்தை ஒரே நேரத்துல ரெண்டு பேருக்குக் கொடுக்கப் போனா உங்க சிஸ்டம் தடுக்குமா?" அதற்குத் தயங்காமல் பதில் சொல்லி, கண்முன் நடத்தியும் காட்டுகிற ப்ராஜெக்டை எப்படிக் கட்டுவது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் கேட்க வேண்டியவை

உங்கள் துறை தந்த அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். டீமில் எத்தனை பேர், குறைந்தது எத்தனை டேபிள், எந்த நார்மல் ஃபார்ம் வரை, ட்ரிகர், ப்ரொசீஜர், வியூ ஆகியவற்றில் எவை கட்டாயம், ஃப்ரண்ட் எண்ட் எந்த மொழியில் என்பதெல்லாம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். இல்லாததை கைடிடம் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். டேட்டாபேஸ் மென்பொருள் ஆரக்கிளா மைஎஸ்க்யூஎல்லா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள், பாதியில் மாற்றினால் வலிக்கும். ஒரு சின்ன எடுத்துக்காட்டு: ஆரக்கிளில் வெற்றுச் சரமும் 'மதிப்பே இல்லை' என்ற நல்லும் (null) ஒன்று, மைஎஸ்க்யூஎல்லில் இரண்டும் வேறு. ஒன்றில் ஒழுங்காக ஓடிய க்வெரி மற்றொன்றில் வேறு விடை தரும்.

அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கல்லூரி நூலகத்தின் கவுண்டருக்குப் போய் அரைமணி நேரம் நில்லுங்கள். ஒரு மாணவருக்கு எத்தனை நூல், எத்தனை நாளுக்கு? ஆசிரியருக்கு எத்தனை? எத்தனை முறை ரென்யூ செய்யலாம்? வேறொருவர் ரிசர்வ் செய்திருந்தால் ரென்யூ உண்டா? ஒரு நாளைக்கு அபராதம் எவ்வளவு, விடுமுறை நாளும் அதில் சேருமா? ரெஃபரன்ஸ் நூலை வெளியே தருவார்களா? தொலைத்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? கடைசி செமஸ்டரில் நோ ட்யூ சான்றிதழ் தரும்போது எதையெல்லாம் பார்க்கிறார்கள்? இவற்றுக்கான பதில்கள்தான் உங்கள் ரிக்வயர்மெண்ட். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் ரிப்போர்ட்டில் இவை கிடைக்காது.

பதில்களை எண்ணிட்ட விதிகளாக எழுதுங்கள். "விதி 1: ஒரு மாணவரிடம் ஒரே நேரத்தில் 3 நூலுக்கு மேல் இருக்கக்கூடாது. விதி 2: ஒரு பிரதி ஒரே நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்க முடியும். விதி 3: ரெஃபரன்ஸ் பிரதி வெளியே போகாது." இப்படி 12 முதல் 15 விதிகள் தேறும். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கட்டம் வரைந்து, அந்த விதியை எது காக்கிறது என்று எழுதுங்கள்: டேட்டா டைப்பா, ப்ரைமரி கீயா, ஃபாரின் கீயா, செக்கா, யூனிக்கா, டிரான்சாக்‌ஷனா, இல்லை ப்ரோகிராமா. இந்த ஒரு பக்கம்தான் ப்ராஜெக்டின் முதுகெலும்பு. கட்டம் காலியாக இருக்கும் விதியை உங்கள் சிஸ்டம் காக்கவில்லை என்று பொருள். ப்ரோகிராம் மட்டுமே காக்கும் விதியை, யாராவது நேராக டேட்டாபேஸுக்குள் போய் ஒரு இன்சர்ட் போட்டு உடைத்துவிட முடியும். வைவாவில் அதைத்தான் செய்து பார்ப்பார்கள்.

நூல் வேறு, பிரதி வேறு

நூலக ப்ராஜெக்டுகளில் அடிக்கடி நேரும் பிழை, "புக்" என்று ஒரே டேபிள் போட்டு அதில் "மொத்த எண்ணிக்கை", "கையிருப்பு" என இரண்டு ஃபீல்டு வைப்பது. நூலகரைக் கேட்டால் அவர் அக்சஷன் நம்பரைப் பற்றிப் பேசுவார். ஒரே தலைப்பில் 20 பிரதிகள் வாங்கினாலும் ஒவ்வொரு பிரதிக்கும் தனி அக்சஷன் நம்பர் உண்டு. தொலைவது பிரதி, கிழிவது பிரதி, மாணவர் வீட்டுக்குப் போவதும் பிரதிதான். தலைப்பு எங்கும் போவதில்லை. ஐஎஸ்பிஎன் ஒரு பதிப்பைக் குறிப்பது, பிரதியைக் குறிப்பதில்லை. ஆகவே அதை ப்ரைமரி கீயாக வைத்து வழங்கலைப் பதிவு செய்தால், யார் கையில் எந்தப் பிரதி என்று கடைசிவரை தெரியாது.

எனவே டேபிள்கள் இப்படி வரும்: துறை, மாணவர், நூல், நூலாசிரியர், இவ்விரண்டையும் இணைக்கும் நூல்–நூலாசிரியர், பிரதி, வழங்கல், அபராத விகிதம், செலுத்திய தொகை. மொத்தம் ஒன்பது. ஒரு நூலுக்கு மூன்று பேர் ஆசிரியராக இருக்கலாம், ஒருவர் பத்து நூல் எழுதியிருக்கலாம். அதனால்தான் இணைப்பு டேபிள். அதில் யார் முதல் பெயர், யார் இரண்டாவது என்ற வரிசை எண்ணையும் வையுங்கள். "ஆசிரியர்1, ஆசிரியர்2, ஆசிரியர்3" என்று மூன்று ஃபீல்டு வைத்தால் நான்காவது ஆசிரியர் வந்த அன்றே திட்டம் உடையும்.

கையிருப்பு எண்ணிக்கையைச் சேமிக்க வேண்டாம். மொத்தப் பிரதிகளில் இன்னும் திரும்பாதவற்றைக் கழித்தால் கிடைப்பது அது. சேமித்து வைத்தால், நூல் திரும்பும்போது கூட்ட மறந்த ஓர் இடம் போதும், எண்ணிக்கை பொய்யாகிவிடும். ஒரு வியூவாக (பெயரிட்டுச் சேமித்த க்வெரியாக) எழுதுங்கள். மாணவரின் வயதும் அப்படித்தான்: பிறந்த தேதியை வையுங்கள், வயதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அபராதத் தொகையைச் சேமிக்கலாம், சேமிக்கவும் வேண்டும். தாமதமான நாள் பெருக்கல் விகிதம்தானே, ஏன் சேமிக்க வேண்டும் என்று எக்ஸ்டர்னல் மடக்குவார். விகிதம் மாறக்கூடியது. போன வருடம் நாளுக்கு 1 ரூபாய், இந்த வருடம் 2 ரூபாய் என்றால், பழைய வழங்கலைப் புது விகிதத்தில் கணக்கிட்டு மாணவரிடம் கேட்பது தவறு. விகித டேபிளில் "எந்த நாளிலிருந்து" என்ற தேதியை வைத்து, நூல் திரும்பிய நாளில் நடப்பில் இருந்த விகிதப்படி தொகையை எழுதி வைத்துவிட்டால் அது வரலாற்று உண்மையாக நிற்கும். செலுத்தியதைத் தனி டேபிளில் வைப்பதற்கும் காரணம் உண்டு. 40 ரூபாய் அபராதத்தில் இன்று 25 கட்டி, மீதியை அடுத்த வாரம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

டேபிள்களின் உறவைக் காட்டும் ஈஆர் வரைபடத்துக்குப் பீட்டர் சென் 1976இல் தந்த குறியீடும் உண்டு, காக்கைக்கால் குறியீடும் உண்டு. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தில் இரண்டையும் கலந்தால் மதிப்பெண் போகும்.

டேட்டா டைப்பில் விழும் ஓட்டைகள்

பதிவெண்ணை இன்டிஜராக வைக்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் அது 12 இலக்கம். இன்டிஜரின் உச்சம் 2,14,74,83,647. செல்பேசி எண்ணும் அதற்குள் அடங்காது. தவறான மதிப்பை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் அணைந்திருந்தால் மைஎஸ்க்யூஎல் பிழை காட்டி நிறுத்தாமல் உச்ச எண்ணையே எழுதிவைக்கும். எல்லா மாணவருக்கும் ஒரே செல்பேசி எண் 2147483647 என்று தெரிந்தால் காரணம் இதுதான். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது எழுத்து, எண் அல்ல. 10 இலக்க ஐஎஸ்பிஎன்னின் கடைசி இடத்தில் "எக்ஸ்" வரலாம் என்பதால் அதுவும் எழுத்தாகத்தான் இருக்க வேண்டும்.

பணத்துக்கு ஃப்ளோட் வேண்டாம், டெசிமல் (8,2) போதும், 9,99,999.99 வரை தாங்கும். தேதியை "05/06/2024" என்று எழுத்தாக வைத்தால் அது மே மாதமா ஜூன் மாதமா என்ற குழப்பம் ஒருபுறம், தேதிவாரியாக வரிசைப்படுத்தவும் முடியாது என்பது மறுபுறம். டேட் டைப்பே அதற்குத்தான் இருக்கிறது.

பெயரில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க டுடோரியல்களைப் பார்த்து "ஃபர்ஸ்ட் நேம்", "லாஸ்ட் நேம்" என்று இரண்டு ஃபீல்டு போட்டு இரண்டையும் நாட் நல் ஆக்கிவிடுகிறார்கள். இனிஷியல் மட்டுமே உள்ளவர் லாஸ்ட் நேமில் எதை எழுதுவார்? பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று போதும். தமிழில் பெயர் சேமிப்பதாக இருந்தால் நீளத்தைக் கவனியுங்கள். "மீனாட்சிசுந்தரம்" நம் கண்ணுக்கு 9 எழுத்து, யூனிகோடில் 16 குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 48 பைட். ஆரக்கிளில் நீளம் பொதுவாக பைட்டில் எண்ணப்படுவதால் 40 என்று வைத்த ஃபீல்டில் இந்தப் பெயர் நுழையாது. மைஎஸ்க்யூஎல்லில் குறியீட்டில் எண்ணப்படும். அங்கே வேறு தொல்லை: டேபிளின் கேரக்டர் செட் லத்தீன்1 என்று இருந்தால் பிழை வரும், ஸ்ட்ரிக்ட் மோட் அணைந்திருந்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாக மாறும், சேமித்த பிறகு மீட்க வழியில்லை. யூடிஎஃப்8எம்பி4 என்று முதலிலேயே அமையுங்கள், இணைப்பிலும் அதையே குறிப்பிடுங்கள்.

ஃபாரின் கீ போடும்போது இரண்டு பக்கத்து டைப்பும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருபக்கம் இன்டிஜர், மறுபக்கம் அன்சைன்டு இன்டிஜர் என்றால் மைஎஸ்க்யூஎல் பிழை காட்டி மறுக்கும் (பழைய பதிப்புகளில் எண் 150). டேபிளின் ஸ்டோரேஜ் இன்ஜின் மைஐசாமாக இருந்தால் இன்னும் மோசம், ஃபாரின் கீயை வாங்கிக்கொண்டு ஓசையில்லாமல் விட்டுவிடும். இன்னோடிபி தானா என்று பாருங்கள். செக்கும் அப்படியே, மைஎஸ்க்யூஎல் 8.0.16க்கு முந்தைய பதிப்புகள் அதைப் படித்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் போகும். அதனால் ஒவ்வொரு விதியையும் எழுதிய கையோடு அதை மீறும் ஒரு இன்சர்ட்டைப் போட்டு, பிழை வருகிறதா என்று பார்த்து, அந்தப் பிழைச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரிப்போர்ட்டில் லாகின் பக்கப் படத்தைவிட இந்தப் படங்களுக்கு மதிப்பு அதிகம்.

மாணவரை அழித்தால் வழங்கலும் சேர்ந்து அழியும்படி கேஸ்கேட் போடாதீர்கள். படிப்பு முடித்தவரை நீக்கினால் நூலகத்தின் வரலாறே காணாமல் போகும். அழிப்பதைத் தடுக்கும் ரெஸ்ட்ரிக்ட் போடுங்கள், வெளியேறியவருக்கு ஒரு நிலை ஃபீல்டு வையுங்கள்.

ஒரு பிரதி, ஒரு கை

இரண்டாம் விதிக்கு வருவோம். வழங்கல் டேபிளில் திரும்பிய தேதி நல்லாக இருந்தால் நூல் இன்னும் வெளியே இருக்கிறது என்று பொருள். அக்சஷன் நம்பரும் திரும்பிய தேதியும் சேர்ந்து யூனிக் என்று வைத்தால் போதுமே என்று தோன்றும். போதாது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ்களில், யூனிக்கில் ஒரு நல் மற்றொரு நல்லுக்குச் சமமில்லை. அங்கே ஒரே பிரதிக்கு நல் தேதியோடு நூறு வரி நுழையும், டேட்டாபேஸ் வாய் திறக்காது.

போஸ்ட்கிரெஸ்ஸில் இது எளிது. "திரும்பிய தேதி நல்லாக உள்ள வரிகளுக்கு மட்டும்" என்ற நிபந்தனையோடு அக்சஷன் நம்பர் மீது யூனிக் இன்டெக்ஸ் போடலாம். மைஎஸ்க்யூஎல்லில் அந்த வசதி இல்லை. அங்கே 5.7 முதல் உள்ள ஜெனரேட்டட் காலம் (column) வசதியைப் பயன்படுத்துங்கள்: திரும்பிய தேதி நல்லாக இருந்தால் அக்சஷன் நம்பர், இல்லையென்றால் நல் என்று தானே கணக்கிட்டுக்கொள்ளும் ஒரு ஃபீல்டு. அதன்மீது யூனிக். வெளியே உள்ள பிரதிக்கு ஒரு வரிதான் இருக்க முடியும். திரும்பிவந்த வரிகள் நல்லாக மாறிவிடுவதால் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். மேலே தொல்லை கொடுத்த அதே நல் குணம் இங்கே நமக்கு வேலை செய்கிறது. ஆரக்கிளில் இதே கணக்கை ஃபங்ஷன் அடிப்படையிலான யூனிக் இன்டெக்ஸாகப் போடலாம்.

முதல் விதி, அதாவது மூன்று நூல் வரம்பு, இன்னும் நுட்பமானது. செக் ஒரு வரியைத்தான் பார்க்கும், டேபிளை எண்ணாது. இன்சர்ட்டின்போது தானே ஓடும் ட்ரிகர் எழுதி எண்ணலாம், ஆனால் அதிலும் சந்து உண்டு. நூலகத்தில் இரண்டு கவுண்டர். ஒரே மாணவரின் கார்டில் இரண்டு இடத்திலும் ஒரே நொடியில் நூல் பதிவாகிறது. இரண்டு டிரான்சாக்‌ஷனும் எண்ணிப் பார்க்கின்றன, இரண்டுக்கும் 2 என்றே தெரிகிறது, இரண்டும் அனுமதிக்கின்றன. முடிவில் மாணவரிடம் 4 நூல்.

தீர்வு: டிரான்சாக்‌ஷனைத் தொடங்கியதும் முதல் வேலையாக அந்த மாணவரின் வரியை "ஃபார் அப்டேட்" சேர்த்து செலக்ட் செய்யுங்கள். வரி பூட்டிக்கொள்ளும். பிறகு எண்ணுங்கள், 3க்குக் குறைவென்றால் இன்சர்ட், பிறகு கமிட். இரண்டாவது கவுண்டர் முதலாமவர் கமிட் செய்யும்வரை காத்திருந்து, அதன்பின் எண்ணும்போது 3 என்று பார்த்து மறுக்கும். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான ரிப்பீட்டபிள் ரீட் நிலையில், பூட்டுவதற்கு முன் ஒரு சாதாரண செலக்ட் ஓடியிருந்தால் அந்த நேரத்து நிலவரமே கடைசிவரை கண்ணில் படும். பூட்டுக் கிடைத்த பிறகும் பழைய 2தான் தெரியும், விதி உடையும்.

இதை இரண்டு டெர்மினல் விண்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வைவாவில் காட்டுங்கள். இரண்டாவது விண்டோ நின்றுபோய்க் காத்திருப்பதும், முதலாவது கமிட் ஆனதும் அது நகர்வதும் கண்ணுக்குத் தெரியும். அதிக நேரம் பேசிக்கொண்டிருந்தால் 50 விநாடியில் லாக் வெயிட் டைம்அவுட் வந்துவிடும், அது இயல்பான அளவு. என்ன சொல்வதென்று முன்பே ஒத்திகை பாருங்கள்.

க்வெரிகளும் டேட்டாவும்

ஐந்து மாணவர், ஐந்து நூல் வைத்துக்கொண்டு எந்த க்வெரியையும் சோதிக்க முடியாது. 60 மாணவர், 80 தலைப்பு, 250 பிரதி, ஒரு வருடத்துக்குப் பரவிய 1,500 வழங்கல் என்ற அளவில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி நிரப்புங்கள். அதோடு ஓரத்து நிலைகளைக் கையால் சேருங்கள்: கெடு நாளிலேயே திரும்பியது, ஒரு நாள் தாமதமானது, பிப்ரவரி 29 அன்று வழங்கியது, ஒரு பிரதிகூட இல்லாத தலைப்பு, ஒரு நூல்கூட எடுக்காத மாணவர். டேட்டாவில் நிஜ மாணவர்களின் செல்பேசி எண்ணைப் போடாதீர்கள்.

க்வெரி பத்து வைத்தால் தாராளம். ஆனால் நூலகர் நிஜமாகக் கேட்கக்கூடியதாக இருக்கட்டும். நோ ட்யூ பட்டியல் அவற்றில் அருமையானது: கையில் நூல் இல்லை, அபராத பாக்கியும் இல்லை என்ற இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். இதை நாட் இன் போட்டு எழுதினால் ஒரு பொறி இருக்கிறது. உள் க்வெரியின் விடையில் ஒரே ஒரு நல் இருந்தாலும் முழுப் பட்டியலும் காலியாக வரும். நாட் எக்ஸிஸ்ட்ஸ் போடுங்கள்.

"இந்த மாதம் நூலே எடுக்காதவர்கள்" என்பதற்கு லெஃப்ட் ஜாயின் வேண்டும். மாதத்தைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையை வேர் (where) பகுதியில் எழுதினால் எடுக்காதவர்களின் வரி கழன்றுவிடும், லெஃப்ட் ஜாயின் சாதாரண ஜாயினாகிவிடும். நிபந்தனை ஆன் பகுதியில் இருக்க வேண்டும். துறைவாரியாக எண்ணும்போதும் கவுன்ட்டுக்குள் நட்சத்திரம் போட்டால் எடுக்காதவருக்கும் 1 என்று வரும், வழங்கலின் ப்ரைமரி கீயைப் போட்டால் 0 வரும்.

ஃப்ரண்ட் எண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழங்கல், திரும்பப் பெறல், தேடல், நோ ட்யூ என நான்கு திரை போதும். க்வெரியைச் சரம் சரமாக ஒட்டிச் செய்யாமல் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மெண்டில் எழுதுங்கள். தேடல் பெட்டியில் "டி'க்ரூஸ்" போன்ற மேற்கோள் குறியுள்ள பெயரை அடித்தாலே ஒட்டுப்போட்ட க்வெரி உடையும், அதே சந்தில் வேண்டாதவர்களும் நுழைவார்கள். பாஸ்வேர்டை பிகிரிப்டில் ஹாஷ் செய்தால் 60 எழுத்து வரும். ஃபீல்டு 50 என்றால் பிழை வரலாம், அல்லது வால் வெட்டுப்பட்டுச் சரியான பாஸ்வேர்டும் லாகின் ஆகாமல் போகலாம்.

ரிப்போர்ட், வைவா

டேட்டாபேஸ் என்றால் என்ன, நார்மலைசேஷன் என்றால் என்ன என்று பாடப்புத்தக வரையறைகளால் பக்கத்தை நிரப்பாதீர்கள். அந்த இடத்தில் உங்கள் டேபிளின் ஃபங்ஷனல் டிபென்டன்சிகளை எழுதுங்கள்: பதிவெண் பெயரைத் தீர்மானிக்கிறது, துறைக் குறியீட்டைத் தீர்மானிக்கிறது, துறைக் குறியீடு துறைப் பெயரைத் தீர்மானிக்கிறது. ஆகவே மாணவர் டேபிளில் துறைப் பெயர் இருந்தால் மூன்றாம் நார்மல் ஃபார்ம் உடைகிறது, அதனால் பிரித்தோம். இந்த மூன்று வரி, பத்துப் பக்க வரையறைக்கு மேல். போனஃபைட் பக்கம், அப்ஸ்ட்ராக்ட், எழுத்துரு அளவு எல்லாம் துறையின் டெம்ப்ளேட்டில் உள்ளபடி.

வைவாவில் தனித்தனியாகக் கேட்பார்கள். "அந்தப் பகுதியை இன்னொருத்தர் பண்ணினார்" என்ற பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. விதிப் பக்கத்தை டீமில் எல்லோரும் சேர்ந்து படித்து, எந்த விதியை எது காக்கிறது என்று ஒவ்வொருவரும் எஸ்க்யூஎல்லில் காட்டப் பழகுங்கள்.

டெமோவுக்கு மூன்று நாள் முன்னதாகவே லேப் மெஷினில் டம்ப்பை (டேட்டாபேஸின் முழு நகல் ஃபைலை) ஏற்றிப் பாருங்கள். வீட்டில் மைஎஸ்க்யூஎல் 8, லேபில் எக்ஸாம்ப் என்றால், எக்ஸாம்ப்பில் இருப்பது மரியாடிபி. "யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ" என்ற கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பழைய மரியாடிபிக்குத் தெரியாது, இறக்குமதி அங்கேயே நிற்கும். டம்ப் ஃபைலில் அதை "யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ" என்று மாற்றினால் ஏறிவிடும். வீட்டில் விண்டோஸ், லேபில் லினக்ஸ் என்றால் டேபிள் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் உதைக்கும், எல்லாப் பெயரையும் ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் 3306ஐ வேறொரு மைஎஸ்க்யூஎல் பிடித்துக்கொண்டிருக்கிறதா, லேபின் பாஸ்வேர்டு என்ன என்பதையும் அன்றே பார்த்து, டம்ப்பின் ஒரு நகலைப் பென் டிரைவிலும் இன்னொன்றை டீமில் வேறொருவரின் லேப்டாப்பிலும் வைத்துவிடுங்கள்.